புகையும் சோடாவும்

2016ஆம் ஆண்டில் தூத்துக்குடியிலுள்ள ஓர் இரசாயனத் தொழிற்சாலை, தனது கொதிகலனில் எரியும் நிலக்கரியின் புகையிலிருந்து காபனீரொட்சைட்டைப் பிரித்தெடுத்து, அதனைச் சோடாவாக மாற்றத் தொடங்கியது. ஆண்டொன்றுக்கு 60,000 தொன் வளி வானத்துக்குச் செல்லாமல் தடுக்கப்படும் என்று அறிவிக்கப்பட்டது. அரசாங்க மானியம் எதுவுமின்றி இது நடைபெறுகின்றது என்பது செய்தியின் தனிச்சிறப்பாகப் பேசப்பட்டது. இலண்டன் பத்திரிகைகளும் வியந்து எழுதின. சூரிய மின்தகட்டின் கண்ணாடிக்கும் மின்கலத்தின் உப்புக்கும் சோடா வேண்டும். ஆகவே உலகைக் கெடுக்கும் புகையே உலகைத் திருத்தும் கருவிகளுக்கு மூலப்பொருளாகிவிட்டது என்ற பேச்சும் எழுந்தது.

வியப்பு நியாயமானதே. ஆனால் விஞ்ஞானச் செய்தியொன்றைப் படித்ததும் கைதட்டிவிட்டு அடுத்த பக்கத்துக்குப் போவது ஆசிரியருக்கும் மாணவருக்கும் அழகன்று. பிடிக்கப்பட்ட அந்த வளி இறுதியில் எங்கே போகின்றது? அதனைப் பிடிக்குமாறு தொழிற்சாலையைத் தூண்டியது எது? இவ்விரண்டுக்கும் விடை காண வேண்டுமாயின் சோடாவின் சரித்திரத்தைச் சிறிது திருப்பிப் பார்க்க வேண்டும்.

கோப்பாயிலிருந்து இதனை எழுதும் நமக்கு, கதையைத் தொடங்கக் காலடி மண்ணே போதும். செம்மண்ணை ஒரு முழம் இரண்டு முழம் தோண்டினாற் சுண்ணக்கல் தட்டுப்படுகின்றது. குடாநாடு முழுவதும் இந்தக் கல்லின்மேல்தான் கிடக்கின்றது. நாம் குடிக்கும் நன்னீரைத் தாங்கி நிற்பதும் இதுவே. கடல்வாழ் உயிர்கள் நீரிற் கரைந்திருந்த காபனீரொட்சைட்டைக் கல்சியத்தோடு கூட்டிக் கட்டிய ஓடுகளும் கூடுகளும் இறுகியே இக்கல் பிறந்தது. மழைநீர் காற்றிலும் மண்ணிலுமுள்ள அதே வளியைக் கரைத்துக்கொண்டு இறங்கி, கல்லை அரித்துக் குகையாக்குகின்றது. நவக்கிரியில் நிலாவரைக் கிணறு அப்படி உண்டானதே. அதற்கு இராமபிரானின் அம்பு காரணம் என்று சொல்வோரோடு நாம் சண்டைக்குப் போக வேண்டியதில்லை. காபனீரொட்சைட்டின் அம்பும் கூரியதுதான்.

100 கிலோகிராம் தூய சுண்ணக்கல்லைச் சூளையிலிட்டு நன்றாகச் சுட்டால் 56 கிலோகிராம் சுட்ட சுண்ணாம்பு மிஞ்சும். மற்றைய 44 கிலோகிராமும் வளியாகப் பறந்துவிடும். ஸ்கொத்லாந்தில் யோசப் பிளாக் என்னும் மருத்துவப் பேராசிரியர் 1750களில் தராசை வைத்து இந்த எடைக்குறைவை ஆராய்ந்துதான் காபனீரொட்சைட்டை ஒரு தனிப்பொருளாக உலகுக்குக் காட்டினார். திண்மத்துக்குள் நிலைபெற்றிருந்த வளி என்பதால் அதற்கு ‘நிலைத்த வளி’ என்று பெயரிட்டார். தெளிந்த சுண்ணாம்பு நீரிற் குழாய் வைத்து ஊதினாற் பால்போல வெண்மையாகும் என்பது இன்று ஏழாம் வகுப்புப் பிள்ளைக்கும் தெரியும். அந்த வெண்மை மீண்டும் பிறந்த சுண்ணக்கல். நமது பழைய வீடுகளின் சுண்ணாம்புச் சாந்துச் சுவர்கள் ஆண்டுக்கணக்கிற் காற்றிலிருந்து இவ்வளியை உறிஞ்சி உறிஞ்சியே கல்லாக இறுகின. சூளையில் விட்டதைச் சுவரிற் பிடித்தார்கள் நம் கொத்தனார்கள். அதற்கு ஒரு பெரிய பெயர் வைக்க வேண்டுமென்று அவர்களுக்குத் தோன்றவில்லை.

இனிச் சோடா. வண்ணார் உவர்மண் கொண்டு சீலை வெளுத்த காலம் தமிழ்நாட்டிலும் ஈழத்திலும் நெடுங்காலம். யாழ்ப்பாணத்தார் இன்றும் வழங்கும் ‘சவர்க்காரம்’ என்ற சொல்லைப் பிரித்துப் பார்த்தாற் சவரும் காரமும் கிடைக்கின்றன. சவர் என்பது உவரே. உவர்நிலத்துச் செடிகளை எரித்த சாம்பலிலும் இதே காரம் உண்டு. ஐரோப்பாவின் கண்ணாடி, சவர்க்காரத் தொழில்கள் பதினெட்டாம் நூற்றாண்டு வரை ஸ்பானியக் கடற்கரைச் செடிகளின் சாம்பலையே பெரிதும் நம்பியிருந்தன. ‘சோடாச்சாம்பல்’ என்ற பெயர் அந்தப் பழைய உறவின் எச்சம்.

யுத்தத்தாற் சாம்பல் வரத்துத் தடைப்படக்கூடும் என்று அஞ்சிய பிரான்சில், சாதாரண உப்பிலிருந்து சோடா செய்யும் முறைக்கு 1775இற் பரிசு அறிவிக்கப்பட்டது. முறையைக் கண்டவர் நிக்கொலா லெபிளாங். ஓர்லியன்ஸ் கோமகனின் மருத்துவர். 1791இல் உரிமை பெற்றார். கோமகனின் பணத்தில் ஆலையும் எழுந்தது. புரட்சியின்போது கோமகன் கில்லட்டினுக்கு இரையானார், ஆலை பறிமுதலாயிற்று, செய்முறை 1794இல் நாட்டு நன்மைக்காகப் பகிரங்கப்படுத்தப்பட்டது. செய்முறை மக்கள் சொத்தானதில் நமக்கு வருத்தமில்லை. ஆனாற் கண்டவனுக்கு ஒரு வாழ்வூதியம் கொடுக்கப் புரட்சிக்கும் மனம் வரவில்லை. பின்வந்த பேரரசுக்கும் வரவில்லை. ஆலை திரும்பக் கிடைத்தும் முதலின்றித் தவித்த லெபிளாங் 1806இல் தற்கொலை செய்துகொண்டார்.

அவருடைய முறை இங்கிலாந்திற் பெருந்தொழிலாயிற்று. உப்பின்மேற் கந்தகவமிலத்தை ஊற்றுவது முதற்படி. அப்போது ஐதரசன் குளோரைட்டு என்னும் அமில வளி கிளம்பும். அதற்குப் பின் நிலக்கரியும் சுண்ணக்கல்லும் சேர்த்துச் சுடுவார்கள். சோடா கிடைக்கும், அழுகிய முட்டையின் நாற்றம் வீசும் கழிவு மலையாகக் குவியும். 1823இல் லிவர்ப்பூலில் யேம்ஸ் மஸ்பிராற் என்பவர் தொடங்கிய ஆலையின் வளி சுற்றுப்புறத்தை வாட்டியது. நகரசபை வழக்குத் தொடுத்தது. முதலாளி ஆலையை வேறிடத்துக்கு மாற்றிக்கொண்டார். வளி அங்கும் வீசிற்று. சென்ற் எலன்ஸ், விட்னஸ் ஆகிய ஊர்களில் மரங்கள் இலையிழந்து நின்றன. உப்பை அமிலத்தோடு வேகவைத்த தொழிலாளரின் பற்கள் அமில ஆவியில் அரிந்து போயின. வெளுப்புத்தூள் அறைகளில் உழைத்தவர்கள் கம்பளித் துணியை மடித்து வாயிற் கட்டி, அதனூடே மூச்சு விட்டார்கள்.

நாம் கவனிக்க வேண்டியது இதுதான்: அந்த வளியைப் பிடிக்கும் உபாயம் அப்போதே இருந்தது. 1836இல் வில்லியம் கொசேஜ் என்ற சோடா உற்பத்தியாளரே, சுள்ளி நிரப்பிய உயர்ந்த கோபுரத்தில் மேலிருந்து நீரைச் சொரியவிட்டுக் கீழிருந்து வளியை ஏற்றினால் நீர் வளியை உறிஞ்சிக்கொள்ளும் என்று கண்டிருந்தார். எளிய உபாயம், பெருஞ்செலவும் இல்லை. இருந்தும் இருபத்தேழு ஆண்டுகள் அதனைக் கட்டாயப்படுத்துவார் இல்லை. 1863இல் ஆங்கிலப் பாராளுமன்றம் காரச் சட்டத்தை இயற்றி, நூற்றுக்கு 95 பங்கு அமிலவளி பிடிக்கப்பட வேண்டும் என்று விதித்து, ரொபேர்ட் அங்கஸ் சிமித் என்ற இரசாயனவியலாளரைப் பரிசோதகராக நியமித்தது. அதன் பின்னரே எல்லா ஆலைகளிலும் கோபுரங்கள் ஒழுங்காக வேலை செய்தன.

அச்சட்டம் யாருக்காகப் பிறந்தது? பல்லிழந்த தொழிலாளிக்காக அன்று. அதற்கு வழிகோலிய 1862ஆம் ஆண்டு விசாரணைக் குழுவின் தலைவர் டார்பிப் பிரபு. அவருடைய எஸ்டேட் சென்ற் எலன்ஸ் நகருக்கு அயலிலே இருந்தது. நிலப்பிரபுக்களின் மரமும் பயிரும் வாடியதால் பிரபுக்கள் சபை விழித்துக்கொண்டது. இரு வர்க்கங்கள் மோதியதில் மக்களுக்குச் சிறிது சுத்தக் காற்று கிடைத்தது என்பதே உண்மை. அதன் பின்பு நடந்தது இன்னும் சுவையானது. பிடித்த அமிலத்தை ஆற்றில் ஊற்றிக்கொண்டிருந்த முதலாளிகள், அதிலிருந்து குளோரீன் எடுத்து வெளுப்புத்தூள் செய்து விற்கலாம் என்று கண்டார்கள். வெல்டன் முறையும் டீக்கன் முறையும் 1860களின் பிற்பகுதியில் வந்தன. சில ஆண்டுகளில் லெபிளாங் ஆலைகள் சோடாவைவிட வெளுப்புத்தூளாலேயே பிழைத்தன. வீணென்று எறிந்தது முதலாயிற்று. ஆனாற் சட்டம் முந்தியது, இலாபம் பிந்தியது.

லெபிளாங் முறையைக் கொன்றது பெல்ஜியத்து ஏர்ணஸ்ற் சொல்வே 1861இல் உரிமை பெற்ற அமோனியா முறை. செறிந்த உப்புநீரில் அமோனியாவைக் கரைத்துக் காபனீரொட்சைட்டைச் செலுத்தினால், நமது சமையலறை அப்பச்சோடாவாகிய சோடியம் இருகாபனேற்று படியும். அதனைச் சுட்டாற் சோடாச்சாம்பல். ஆக, காபனீரொட்சைட்டைப் பயன்பொருளாக்குவது நேற்றைய புதுமையன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு மேற்பட்ட பெருந்தொழில் அது. வளிக்காகச் சொல்வே ஆலைகள் சுண்ணக்கல்லைத் தோண்டிச் சுட்டன. பக்கத்திலேயே அதே ஆலையின் கொதிகலன் அதே வளியை வானத்தில் ஊதிக்கொண்டிருந்தது! மூடத்தனம் என்று உடனே தீர்ப்புக் கூறிவிடலாகாது. சூளையின் வளியில் நூற்றுக்கு நாற்பது பங்கு வரை காபனீரொட்சைட்டு. நிலக்கரிப் புகையிலோ பத்து முதற் பதினைந்து பங்குதான். மிச்சம் பெரும்பாலும் நைதரசன். நீர்த்த வளியைச் செறிவாக்கச் செலவு உண்டு. வானமோ இலவசமாகக் கிடந்தது.

சொல்வே கம்பனி தன் முறையின் நுணுக்கங்களை இரகசியமாக வைத்துக்கொண்டது. உரிமை பெற்ற ஒருசில கம்பனிகள் உலகச் சந்தையைத் தமக்குள் வகுத்துக்கொண்டன. இங்கிலாந்தில் அந்த உரிமையைப் பெற்ற பிரன்னர் மொண்ட் கம்பனி, 1926இற் பிறந்த மாபெரும் இம்பீரியல் இரசாயனக் கம்பனியின் தூண்களில் ஒன்றாயிற்று. ஆசிய நாடுகள் உப்புக் கடலின் கரையிலிருந்துகொண்டு சோடாவைக் கப்பலில் இறக்குமதி செய்தன.

இந்த இரகசியத்தை உடைத்தவர் ஒரு சீனர் என்பதை நம் பாடநூல்கள் சொல்வதில்லை. பான் சூதுங் என்ற தேசியக் கைத்தொழிலாளர் தியென்சின் கடற்கரையில் நிறுவிய ஆலையில், அமெரிக்காவிற் படித்துத் திரும்பிய ஹௌ தெபாங் ஆண்டுக்கணக்காக முயன்று 1926இல் நல்ல வெண்சோடாவை ஆக்கினார். அவ்வாண்டே பிலடெல்பியாக் கண்காட்சியில் அதற்குப் பரிசும் கிடைத்தது. அவரும் இரகசியத்தை விற்றுப் பொருள் குவித்திருக்கலாம். 1933இற் சோடா உற்பத்தி பற்றி ஆங்கிலத்தில் ஒரு நூலெழுதி, முழுச் செய்முறையையும் உலகத்தார் முன் விரித்துவைத்தார். 1937இல் யப்பானியப் படை ஆலையைக் கைப்பற்ற, ஹௌவும் தோழர்களும் உள்நாட்டுச் சிச்சுவானுக்குப் போனார்கள். அங்கே உப்பு ஆழ்கிணற்றிலிருந்து அரிதாக எடுக்கப்படுவது. சொல்வே முறையிலோ உப்பில் நாலில் ஒரு பங்குக்கு மேல் வீணாகும். ஆகவே உப்பு முழுவதையும் பயன்படுத்தும் இணைமுறை ஒன்றை அவர் வகுத்தார். 1941இல் அது அவர் பெயரைப் பெற்றது. அமோனியா ஆலையிற் கழிவாக வெளியேறும் காபனீரொட்சைட்டையே சோடாவுக்கு எடுத்துக்கொள்வது. மிஞ்சும் அமோனியங் குளோரைட்டை வயலுக்கு உரமாக்குவது. சுண்ணக்கற் சூளையே வேண்டாம். குசராத்தின் மித்தாப்பூரில் 1939இல் நிறுவப்பட்ட தாதா கம்பனியின் சோடா ஆலைக்கும் அவர் பின்னர் ஆலோசகராக இருந்தார்.

1980களின் தொடக்கத்தில் தூத்துக்குடியில் எழுந்த ஆலையும் சோடாவையும் அமோனியங் குளோரைட்டையும் ஒருங்கே தரும் இணைமுறை ஆலைதான். உப்பு அயலிலேயே விளைகின்றது. தமிழ்நாட்டு உப்பிற் பெரும்பங்கு தூத்துக்குடி மாவட்டத்தது. ஆனால் ஆலைக்குத் தடையில்லாத காபனீரொட்சைட்டு வரத்து வேண்டியிருந்தது. இந்த வேளையில் வந்தவர்கள் கரக்பூர் தொழில்நுட்பக் கழகத்திற் படித்த அனிருத்த சர்மா, பிரதீக் பம்ப் என்ற இரு இளைஞர்கள். இவர்கள் 2009இல் தொடங்கிய கம்பனிக்கு இந்தியாவில் முதல் கிடைக்காமல் இலண்டனிற் கால் ஊன்றினார்கள் என்பது தனியே சிந்திக்கத்தக்கது.

அவர்கள் முறையின் அடிப்படை புதியதன்று. அமீன் என்னும் காரச் சேர்வை கலந்த கரைசல், குளிர்ந்த நிலையிற் காபனீரொட்சைட்டைப் பற்றும், சூடாக்கினால் விடும். 1930 முதல் அறியப்பட்ட உபாயம் இது. சூடாக்கும் நீராவியிலேதான் செலவு. அவர்கள் ஆக்கிய கரைசல் குறைந்த வெப்பத்தோடு வேலை செய்யும். கலன்களை அரிப்பதும் குறைவு. தொன்னுக்கு 30 டொலர் அளவில் வளியைப் பிடிக்கலாம் என்றார்கள். வழக்கமான செலவு அதன் இருமடங்குக்கு மேல். ஆலையின் நிர்வாக இயக்குநர் வானொலிக்குக் கூறியதன் சாரம், தாம் ஒரு வியாபாரி என்பதும், உலகைக் காப்பது பற்றி எண்ணியதில்லை என்பதும், நம்பத்தக்க வளி வரத்தே தமக்கு வேண்டியிருந்தது என்பதுமாகும். அந்த நேர்மையை நாம் மதிக்கிறோம். நமது இரண்டாவது கேள்விக்கு அதுவே விடை. இலாபம் நின்றால் பிடிப்பதும் நிற்கும். 1863ஆம் ஆண்டுச் சட்டத்தைப் போன்ற ஒன்று அங்கே இல்லை.

உப்பளத்தில் வெயிலிலும் உவரிலும் நின்று, பாதம் புண்ணாகி, வெண்மையின் கூச்சத்தாற் கண் கெடும் பெண்களை இந்தப் புதுமை தொட்டதாகவும் தெரியவில்லை. சோடாவின் முதற் பொருள் அவர்கள் வாரும் உப்பு.

முதற் கேள்விக்கு வருவோம். சோடாவிற் பெரும்பங்கு கண்ணாடிக்குப் போகின்றது. இரண்டு சதுர மீற்றர் சூரியத் தகடொன்றின் முகக் கண்ணாடி ஏறத்தாழ 16 கிலோகிராம். அதற்குச் சோடாச்சாம்பல் 3 கிலோகிராம் அளவு வேண்டும். ஆனாற் கண்ணாடி உலையில் மணலோடு உருகும்போது சோடா தன் காபனீரொட்சைட்டை விட்டுவிடுகின்றது! 106 பங்கு சோடாச்சாம்பலுக்கு 44 பங்கு வளி. தூத்துக்குடியிற் பிடித்தது கண்ணாடி ஆலையின் புகைபோக்கியால் வெளியே போய்விடும். மின்கலத்துக்குப் போனாலும் இதே கதை. தென்னமெரிக்க உப்புப் பாலைகளில் இலிதியக் கரைசலிற் சோடாவைக் கலந்தே இலிதியம் காபனேற்றைப் படியவைக்கிறார்கள். அதனை மின்வாய்ப் பொருளாக்கச் சுடும்போது வளி பறந்துவிடும். இலிதியத்துக்குப் பதிலாகச் சோடியத்தையே வைக்கும் புதிய மின்கலங்களிலும் சோடா சுடப்படும்போது அவ்வாறே. வளி சிறைப்பட்டது சில மாதங்களுக்குத்தான்.

அப்படியானால் எல்லாம் பொய்யா? இல்லை. சோடாவுக்கென்று புதிதாகச் சுண்ணக்கல் சுடுவது தவிர்க்கப்பட்டால் அந்த அளவு உண்மையான மிச்சம். தகட்டையும் நியாயமாகக் கணக்கிட வேண்டும். அதன் கண்ணாடிச் சோடா விட்ட வளி ஏறத்தாழ 1.3 கிலோகிராம், நிலக்கரியாற் பிறக்கும் ஒன்று இரண்டு அலகு மின்சாரம் விடும் அளவு. அத்தகடு நம் வெயிலில் ஆண்டுக்குப் பல நூறு அலகு தரும். தகடு நல்லதே, புகையைப் பிடித்ததால் அது நல்லதாகவில்லை. அளவையும் பாருங்கள். உலகம் எரிபொருளால் ஆண்டுதோறும் வெளிவிடும் காபனீரொட்சைட்டு ஏறத்தாழ 3,700 கோடித் தொன். தூத்துக்குடியின் 60,000 தொன் அதில் ஒரு நிமிடத்துக்கும் குறைவான பங்கு. உலகம் வாங்கும் சோடா முழுவதையும் இப்படியே செய்தாலும் கடலிற் பெருங்காயம் கரைத்த கதைதான்.

வளியைத் திரும்ப விடாத வழி ஒன்றும் ஆராயப்பட்டுள்ளது. அமெரிக்காவில் ஜோர்ஜ் வொஷிங்டன் பல்கலைக்கழகத்து ஸ்ருவேட் லிக்ற் குழுவினர் 2015இல், உருகிய இலிதியம் காபனேற்றில் மின்னைப் பாய்ச்சிக் காபனீரொட்சைட்டைத் தூய கரியாகவும் ஒட்சிசனாகவும் பிரித்தனர். கரி நுண்ணிழைகளாகப் படிந்தது. மறு ஆண்டு வண்டர்பில்ற் பல்கலைக்கழகத்தாரோடு சேர்ந்து அவ்வகைக் கரியை இலிதிய, சோடிய மின்கலங்களின் மின்வாயாக வைத்து இயக்கியும் காட்டினர். புகை மின்கலமாயிற்று என்று இதைத்தான் சொல்ல வேண்டும். ஆனால் இயற்கை கடன் தள்ளுவதில்லை. கரி எரியும்போது தந்த சக்தி முழுவதையும் திருப்பிக் கொடுத்தாலன்றிக் கரி மீளாது. ஒரு கிலோகிராமுக்குக் குறைந்தது 9 அலகு மின்சாரம். அனல்மின் நிலையம் ஒரு கிலோகிராம் கரியை எரித்துப் பெறுவதோ 3 அலகு அளவில். மூன்று கிலோ எரித்து ஒரு கிலோ செய்வது பைத்தியக்காரத்தனம். வெயிலாலும் காற்றாலும் பிறந்த மின்சாரம் மிஞ்சிக் கிடக்கும் நாளில்தான் இது பொருளுடையதாகும்.

இலங்கைக்கு இதில் ஒரு வேடிக்கை உண்டு. மின்கல மின்வாய்க்குரிய இயற்கைக் கரியாகிய காரீயம் போகலையிலும் கஹட்டகஹவிலும் உலகின் மிகத் தூய வகையாகக் கிடைக்கின்றது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் உலோகம் உருக்கும் மூசைகளுக்காக அதை அள்ளி ஏற்றினோம். பெரும்பாலும் அள்ளி ஏற்றும் நாடாகவே இருந்துவிட்டோம்.

வடக்கில் 1950இல் உற்பத்தி தொடங்கிய காங்கேசன்துறைச் சீமெந்துத் தொழிற்சாலை நம் சுண்ணக்கல்லைச் சுட்டது. கல்லின் 44 பங்கு வளி வானத்துக்குப் போயிற்று. தோண்டிய பள்ளங்கள் நமக்கு மிஞ்சின. 1990இற் போரினால் ஆலை நின்றது. ஆனையிறவு உப்பிலிருந்து காரம் செய்த பரந்தன் இரசாயனத் தொழிற்சாலையும் அதே போரில் மடிந்தது. அவற்றை மீண்டும் எழுப்ப வேண்டும் என்ற பேச்சு எழும்போதெல்லாம் வேலையின் கணக்கு மட்டும் பேசப்படுகின்றது. கல்லின் கணக்கும், கல்லுக்கடியில் நிற்கும் நன்னீரின் கணக்கும், வளியின் கணக்கும் அதே தாளில் எழுதப்பட வேண்டும்.

புத்தளம் மாவட்டத்தைப் படத்தில் விரித்துப் பார்ப்பது நல்லது. அங்கே பழம்பெரும் உப்பளங்கள் இருக்கின்றன. அருவக்காட்டில் சுண்ணக்கல் வெட்டிச் சீமெந்து செய்கிறார்கள். நுரைச்சோலையில் 2011 முதல் நிலக்கரி எரிகின்றது. 2014இல் அது 900 மெகாவாற்று நிலையமாயிற்று. உப்பு, கல், புகை ஆகிய மூன்றும் ஒரே மாவட்டத்தில். அப்புகையிற் காபனீரொட்சைட்டைப் பிடிக்கக் கோபுரம் எதுவும் கட்டப்படவில்லை. கட்டு என்று சொல்லும் சட்டமும் இயற்றப்படவில்லை. கரித்தூசியும் சாம்பலும் தம் தோட்டங்களிற் படிகின்றன என்று நுரைச்சோலைக் கமக்காரர் ஆண்டுக்கணக்காக முறையிட்டு வந்திருக்கின்றனர். கற்பிட்டிக் குடாநாட்டின் மரக்கறி அந்தத் தோட்டங்களிலிருந்துதான் சந்தைக்கு வருகின்றது. அவர்களுக்கு அயலில் எஸ்டேட் உள்ள பிரபு எவரும் இல்லை.